கைபழக ஏழையின் வாயா?

பல் வைத்தியக் கல்லூரியின் வண்டி ஊருக்குள் வந்தால் நம் ஜனங்களில் சிலர் சந்தோஷப்படுகிறார்கள், சிலர் முணுமுணுக்கிறார்கள். “பிள்ளைகள் கைபழக நம் வாய்தானா கிடைத்தது?” என்பதே அந்த முணுமுணுப்பு. சேலத்தில் விநாயகா மிஷன் சங்கராச்சாரியார் கல்லூரி, திருச்செங்கோட்டில் கே.எஸ்.ஆர். கல்லூரி, இளையாம்பாளையத்தில் விவேகானந்தா மகளிர் கல்லூரி என்று பல் வைத்தியம் கற்பிக்கும் இடங்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆகையால் இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது.

முதலில் உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொள்வோம். பல் வைத்தியம் படிக்கும் மாணவன் புஸ்தகத்தை மனப்பாடம் செய்தால் போதாது. இத்தனை பல் பிடுங்கினேன், இத்தனை பல் அடைத்தேன் என்று கணக்குக் காட்ட வேண்டும். வாய் திறக்க ஆள் இல்லாவிட்டால் படிப்பே நடவாது. பணக்காரர் பழகாத கைக்கு வாய் திறக்க மாட்டார். ஆக நோயாளிக்குக் கல்லூரி எவ்வளவு தேவையோ, அவ்வளவு கல்லூரிக்கு நோயாளியும் தேவை. இதை ஒலிபெருக்கி வைத்து வெறும் தர்மம் என்று சொல்வது பாதி உண்மைதான். இது கொடுக்கல் வாங்கல்.

கொடுக்கல் வாங்கலில் பாவமில்லை. கைத்தொழில் எதுவும் யாராவது ஒருவருடைய பொருளின் மேல்தான் பழகப்படுகிறது. பள்ளிபாளையத்தில் தறி பழகும் பையன் முதலாளியின் நூலை அறுத்துத்தான் பழகுகிறான். ஆனால் அறுந்த நூலை முடிந்துகொள்ளலாம். பிடுங்கிய பல்லை முடிய முடியாது. ஆதலால் மாணவன் பக்கத்தில் தேர்ந்த ஆசிரியர் நிற்பது தயவல்ல, நீதி. “உங்கள் பல்லைப் பார்க்கப் போகிறவர் இன்னும் படிக்கிறவர், சம்மதமா?” என்று கேட்பதும் அப்படியே. கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். நம் ஜனங்கள் பெருந்தன்மை உள்ளவர்கள்.

இதைவிடச் சிக்கலான காரியம் வேறொன்று. சொத்தைப் பல்லைக் காப்பாற்ற வேர் சிகிச்சை என்று ஒன்று உண்டு. அதற்குப் பலமுறை போய் வர வேண்டியிருக்கும். விசைத்தறிக்காரனோ ஜவ்வரிசி ஆலைக்காரனோ ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் கட்டணமும் கொடுக்க வேண்டும். பிடுங்குவதற்கோ சில நிமிஷம் போதும். “பிடுங்கி விடுங்க சாமி” என்கிறான். பிடுங்கி விடுகிறார்கள். அவனே கேட்டான் அல்லவா? கேட்டது அவன் வாய். பேசினது அவனுடைய வறுமை. அவன் சம்மதத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் சட்டத்துக்குப் போதும், பிறர்சிநேகத்துக்குப் போதாது. மாலையில், “இன்று இருநூறு பேர் பயனடைந்தார்கள்” என்று அறிக்கை எழுதும்போது, வாய் திறந்தவர்களை எல்லாம் பயனடைந்தவர்களாக எண்ணிவிடுகிறோம். எந்தக் கல்லூரியையும் சுட்டிச் சொல்லவில்லை. கோயில் மண்டபத்தில் நாம் நடத்தும் முகாம்களுக்கும் இது பொருந்தும்.

அர்ச். லூக்காஸ் சுவிசேஷத்தில் நல்ல சமாரித்தன் காயத்தைக் கட்டினதை நாமெல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். அவன் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னதைச் சற்றே மறந்துவிடுகிறோம். அவன் திரும்பி வருகிறவன். வேலூர் வெற்றிலைக்குப் பேர்போன பூமி நம்முடையது. பாக்கும் புகையிலையும் சேர்த்து வருஷக்கணக்காய் அடக்கினவருடைய கன்னத்தின் உள்ளே வெள்ளைப் படலம் கண்டால், அது புற்றாகவும் மாறலாம். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2003-ல் தீர்மானித்திருக்கிறது. அப்படிப்பட்டவர் கையில் ஒரு சீட்டை எழுதிக் கொடுத்து, “கல்லூரிக்கு வாருங்கள்” என்று சொல்லிவிட்டு வண்டி போய்விடுகிறது. அவர் போகவில்லை. யார் கேட்டார்கள்?

பழுப்பேறின பல்லும் அப்படித்தான். குழந்தைப் பருவத்தில் ஃபுளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்ததால் வந்த கறையைச் சுரண்டியோ துலக்கியோ போக்க முடியாது. தண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கலாகாது என்பது விதி. தருமபுரி, கிருஷ்ணகிரி ஜனங்களுக்கு 2013-ல் ஒகேனக்கல் தண்ணீர் வந்ததற்கு இதுவே முக்கிய காரணம். வாயைப் பார்த்தவர்கள் கிணற்றையும் பார்க்கச் சொல்ல வேண்டாமா? சிரிக்க வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளும் பெண்பிள்ளைக்குப் பற்பசை இலவசமாய்க் கொடுத்து என்ன?

பல்நோவுக்காரர் மன்றாடும் அர்ச். அப்போலோனியம்மாள் கி.பி. 249-ல் அலெக்சாந்திரியாவில் பல்லெல்லாம் அடித்து உதிர்க்கப்பட்டு வேதசாட்சியாய் மரித்தவள். சித்திரங்களில் அவள் கையில் குறடும் பல்லும் இருக்கும். பல் பிடுங்கினவரை அல்ல, பல் இழந்த கிழவியையே பல் வைத்தியர்களும் தங்களுக்குப் பாதுகாவலியாக வைத்துக்கொண்டது ஆச்சரியமாயிருக்கிறது. நாற்காலியில் வாய் திறந்து சாய்ந்திருக்கும் பாட்டியை “நீ” என்று பேசும் வாலிப வைத்தியருக்கு இதைச் சொன்னால் தகும். அவர் தொழில் பழகுவது அந்தப் பாட்டியின் தயவினால்.

முகாமுக்கு மண்டபத்தைத் திறந்துவிடுவதோடு பங்கின் வேலை முடிகிறதில்லை. சீட்டு வாங்கினவர்களின் பேரை வின்சென்ட் தே பவுல் சபையார் அன்றே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். அடுத்த மாசம் வீடு வீடாய்ப் போய் விசாரித்து, போகாதவர்களுக்கு உண்டியலிலிருந்து பஸ் கட்டணம் கொடுத்து, கூட ஒருவரையும் அனுப்பட்டும். வெள்ளைப் படலம் உள்ளவர்களை ஒரு மாசம் காத்திருக்க விடாமல் அந்த வாரமே அனுப்ப வேண்டும்.