வெளிச்சமும் நியாயமும்

றொசல்லைப் புகையிரத நிலையத்தில் மாலை வேளையில் நிற்பவர் எதிர்மலை லயங்களில் ஒவ்வொன்றாக விளக்குகள் ஒளிர்வதைக் காணலாம். இன்று அவை பெரும்பாலும் மின்விளக்குகள். ஆயினும் அந்தக் காம்பிராக்களில் வாழும் முதியோருக்குக் குப்பி விளக்கின் புகை மறந்துவிடவில்லை. தீவுக்கே மின்சாரம் தந்த மலையில் மண்ணெண்ணெய் ஏன் இத்தனை காலம் எரிந்தது? பொறியியலாளரிடம் இதற்கு விடை இராது.

இலங்கை நீர்மின்சாரத்தின் தந்தை எனப் போற்றப்படும் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் எஞ்சினியர் சங்கத்தில் ஒரு கட்டுரை படித்தார். கெகல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா ஆகியவற்றின் வீழ்ச்சியைக் கொண்டு நாட்டுக்கு மின்சாரம் தர இயலும் என்பது அவர் வாதம். அந்நிய ஆட்சி அசைந்து கொடுக்கவில்லை. தொடங்கிய வேலையும் நடுவில் நின்றது. 1931இல் அரசாங்க சபை உறுப்பினராகியும் அவர் வாதாடினார். லக்ஸபான நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இலேதான். 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கத்து நீரைக் கொண்டு இயங்கும் நிலையம் ஒன்று அவர் பெயரிலேயே நோர்ட்டன் பிரிட்ஜில் எழுந்தது. பின்பு மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா பட்டினமே மூழ்கடிக்கப்பட்டது. கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது அங்கிருந்த கோவில்கள் இன்றும் தலைகாட்டுகின்றன.

லக்ஸபானவின் மின்சாரம் கொழும்புக்குப் புறப்பட்ட காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1948இன் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரின் பிரஜாவுரிமையைப் பறித்துவிட்டது; மறு ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. ஆக, கம்பிகள் யார் தலைக்கு மேலாகச் சென்றனவோ, அவர்கள் அந்த நாட்டின் கணக்கிலேயே இல்லை.

“எல்லாருக்கும் ஒரே நாளில் கொடுக்க முடியுமா? வரிசை என்று ஒன்று உண்டல்லவா?” என்று கேட்பவர் உண்டு. கேள்வி நேர்மையானதே. கம்பியும் கம்பமும் பணமின்றி வாரா. நகரமும் ஆலையும் முதலில் பெற்றதற்குக் காரணம் காட்டலாம். ஆனால் வரிசையை வகுப்பவர் யார்? மின்சாரம் கேட்டுச் சிங்களக் கிராமத்து ஏழை விவசாயி தன் தொகுதிப் பிரதிநிதியின் வாசலில் நிற்கலாம். அவனும் நெடுநாள் காத்திருந்தவன்தான். தோட்டத் தொழிலாளி எந்த வாசலில் நிற்பான்? அவன் குடியிருந்த காம்பிராவும் தோட்டத்துச் சொத்து. துரை சம்மதியாமல் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது.

தோட்டங்களில் மின்சாரமே இருக்கவில்லை என்று எண்ணிவிட வேண்டாம். பல தோட்டங்கள் தம் ஓடைகளில் சிறு டர்பைன்கள் வைத்திருந்தன. ஸ்டோரில் அவற்றால் இயந்திரங்கள் ஓடின. துரை பங்களாவில் விளக்கும் எரிந்தது. கொழுந்துக்குக் கிடைத்த மின்சாரம் கொழுந்து பறித்தவளுக்குக் கிடைக்கவில்லை. வறுமை அல்லது தொழில்நுட்பக் குறை என்ற சமாதானம் இங்கே எடுபடாது.

1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. தனியார் சொத்துக்குள் அரசு நுழைய இயலாது என்ற சாக்கும் அத்துடன் முடிந்தது. அதற்குப் பின்னும் எத்தனையோ லயங்கள் இருளிலேயே கிடந்தன. பிரஜாவுரிமைப் பிரச்சினையை முற்றாகத் தீர்க்கும் சட்டம் வந்ததும் 2003இலேதான்.

தாமதமாகவேனும் கொடுத்துவிட்டார்களே என்று ஆறுதல் கொள்வோருடன் என்னால் உடன்பட முடியவில்லை. குப்பி விளக்கைக் கவிழ்த்துத் தீக்காயம்பட்ட பிள்ளைக்கும், இருட்டியதும் புத்தகத்தை மூடிய பிள்ளைக்கும் அந்த ஆண்டுகளைத் திருப்பித் தர எந்தச் சபையாலும் ஆகாது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று மின்விளக்கின் கீழ் படிக்கிறார்கள். அவர்கள் படிக்கும் காம்பிராவுக்கோ, பல குடும்பங்களிடம் இன்னும் உரிமைப் பத்திரம் கிடையாது.