உன் உடம்புக்குச் சேர வேண்டியதைக் கேள்!

காய்ச்சலோடு லைனில் நிற்கிறாயே தங்கச்சி, யாருக்குப் பயந்து?

மெடிக்கல் ஷாப்பில் இரண்டு மாத்திரை. திரும்பவும் நைட் ஷிப்ட். இன்னும் எத்தனை நாள் இப்படி ஓட்டுவாய்?

"லீவு கேட்டால் காண்ட்ராக்டர் நிறுத்திவிடுவார்" என்கிறாய். "நான் ஒருத்தி கேட்டு என்ன ஆகப்போகிறது" என்கிறாய். போதும்!

2021 டிசம்பர் உனக்கு நினைவில்லையா? இதே சுங்குவார்சத்திரத்தில் ஆப்பிளுக்கு ஐபோன் செய்துகொடுக்கும் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள். பூந்தமல்லி பக்கம் விடுதி. நெருக்கியடித்துப் படுக்கை, தண்ணீர் வராத கழிவறை, கெட்டுப்போன சாப்பாடு.

250 பேருக்கு மேல் சுருண்டு விழுந்தார்கள். 159 பேர் ஆஸ்பத்திரியில்! போனவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதுகூட அறைத்தோழிகளுக்குத் தெரியவில்லை.

அவர்கள் வாயை மூடிக்கொண்டா இருந்தார்கள்? டிசம்பர் 17 ராத்திரி சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் உன் வயதுப் பிள்ளைகள். பயம் இல்லையா? இருந்தது! பயத்தோடுதான் உட்கார்ந்தார்கள்.

ஆலை நின்றது. ஆப்பிளே அதைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12-ல்தான் கதவு திறந்தது.

நீ சாலைக்குக்கூடப் போக வேண்டாம். உன் சம்பளச் சீட்டை எடு!

இ.எஸ்.ஐ. என்று, தொழிலாளர் காப்பீட்டுக்கு ஒரு வரி இருக்கிறதா? 15,000 ரூபாய் சம்பளத்தில் உன்னிடம் பிடிப்பது 113 ரூபாய். நிறுவனம் கட்ட வேண்டியது 488. மாதாமாதம் நீ கொடுத்த காசு அது. தர்மமா கேட்கிறாய்?

வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உனக்கும் உன் குடும்பத்துக்கும் வைத்தியம். ஆறு மாதக் கணக்கில் 78 நாள் சந்தா இருந்தால், படுத்த நாளுக்கும் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. வேலையில் அடிபட்டால் 78 நாள் கணக்கே கிடையாது; 90 சதவீதம்!

காண்ட்ராக்ட் என்பதால் இல்லை என்றார்களா? நம்பாதே! காண்ட்ராக்டர் கட்டத் தவறினால் ஆலைதான் கட்ட வேண்டும்.

ஒருமுறை கேட்டேன், விரட்டிவிட்டார்கள் என்கிறாயா? கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலைத் தொழிலாளர்களைப் பார். பாதரசம் தின்ற உடம்பு. 2001-ல் ஆலை மூடியது. 591 பேருக்கு ஆலை முதலாளியான இந்துஸ்தான் யூனிலீவரோடு உடன்பாடு வந்தது 2016-ல்! அந்தப் பதினைந்து வருடத்தில் எத்தனை தரம் "இல்லை" என்ற பதிலைக் கேட்டிருப்பார்கள்? விட்டார்களா?

நோய்க்கால உதவி வாங்கும் நாட்களில் உன்னை வேலையை விட்டு நீக்கக் கூடாது. சட்டம் சொல்கிறது. நீ ஏன் சொல்லக் கூசுகிறாய்?

நாளைக்கே இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போ. ஒருத்தியாகப் போகாதே, அறைத்தோழியையும் இழுத்துக்கொண்டு போ. டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்காமல் வெளியே வராதே. ஜெராக்ஸ் எடுத்து வை. சூப்பர்வைசர் முறைத்தால் முறைக்கட்டும், சர்டிபிகேட்டை நீட்டு!