இரும்பும் அறமும்

ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் இன்று இரும்பு மோட்டார் வாகனங்களாக உருப்பெறுகிறது. அங்கிருந்து மேற்கே, காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில், 1780 செப்டம்பர் 10-ஆம் நாள் இரும்பு வேறோர் உருவில் பாய்ந்தது. இரும்புக் குழாயில் வெடிமருந்தை இறுக அடைத்து, மூங்கிற் கழியில் பிணைத்து ஏவப்பட்ட மைசூர் ராக்கெட்டுகள் அவை. ஹைதர் அலீயும் திப்பு சுல்தானும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை அன்று முறியடித்தனர். ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அவ்வெற்றி ஓவியமாக விளங்குகிறது.

நாம் இதனைப் பெருமையோடு பேசுகிறோம். அதில் தவறில்லை, ஆங்கிலேயர் பின்னர் காங்கிரீவ் ராக்கெட்டைச் செய்ய அந்த நுட்பமே வழிகாட்டியது. ஆனால் அதே ஆண்டில் ஹைதரின் குதிரைப்படை ஆர்க்காட்டுச் சீமையின் ஊர்களை எரித்தது, பயிர்களை அழித்தது. கும்பினிக்கு உணவு கிட்டலாகாது என்பது போர்த் தந்திரம். பட்டினி கிடந்தவனோ உழவன்.

கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள் சிரியாவுக்குப் படை அனுப்பியபோது, பெண்டிரையும் சிறாரையும் முதியோரையும் கொல்லலாகாது, கனிமரங்களை வெட்டலாகாது எனப் பணித்தார்கள். அந்த அளவுகோல் பகைவர்க்கு மட்டும் உரியதன்று. நம்மவர் என நாம் கொண்டாடுவோர்க்கும் உரியது. வீரத்தைப் போற்றுவோம், வெந்த வயலையும் மறைக்காமல் சொல்வோம். நம் பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்துக் கற்பிப்பதே நீதியாகும்.