மூப்பு மறைத்தல் முறையாமோ?

நம் இதழைப் பல்லாண்டுகளாகப் படித்துவரும் அன்பர் ஒருவர் அண்மையில் எமக்கு ஒரு வினா விடுத்தனர். அவர்க்கு வயது 58. வணிக நிலையமொன்றிற் பிறரை நேரிற் கண்டு பேசும் அலுவலுடையவர். தம் கன்னமும் கழுத்துந் தளர்ந்து தொங்குதலால் மேலாளர் தம்மினும் இளையாரையே முன்னிறுத்துகின்றனர் என்றும், முகத்தோலை இழுத்துத் தைக்கும் அறுவை மருத்துவத்தைச் செய்துகொள்ளுமாறு மக்கள் வற்புறுத்துகின்றனர் என்றும் எழுதி, சிவதீக்கை பெற்றுத் திருநீறு பூசுந் தமக்கு அது தகுமோ எனக் கேட்கின்றார். இது நகைத்து விலக்கத்தக்க வினா அன்று. உடம்பு யாது, அதனை உடையான் யாவன் என்னும் பெருவினா இதனுள் அடங்கியிருத்தலின், ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் அம்மருத்துவத்தின் இயல்பை அறிதல் வேண்டும். நெற்றிப்பொட்டின் மயிர்ப்பகுதியில் தொடங்கி, காதின் முன்புறமாக இறங்கி, அதன் அடியைச் சுற்றிப் பின்புறஞ் செல்லுமாறு தோலைக் கீறுவர். தோலைப் பிரித்துயர்த்தி, அதன் கீழுள்ள தசைப்படலத்தை மேனோக்கி இழுத்துத் தைத்து, மிஞ்சிய தோலை அரிந்து நீக்குவர். பெர்லின் நகரத்து மருத்துவர் ஆய்கன் ஹோலண்டர் என்பார் 1901 இல் ஒரு சீமாட்டிக்கு இதனைச் செய்ததாகப் பின்னர்த் தாமே எழுதியுள்ளார். அடிப்படலத்தையுஞ் சேர்த்து இழுக்கும் முறை 1970 களில் வளர்ந்தது. நெடுங்காலம் பெண்டிர்க்கே உரியதாகக் கருதப்பட்ட இதனை இன்று ஆடவரும் நாடுகின்றனர். ஆடவர்க்கு இதில் தனி இடர்களும் உள. தாடிமயிரின் வேர்களுக்குக் குருதியோட்டம் மிகுதியாதலின், தோலடியிற் குருதி தேங்குதல் அவர்க்குப் பெண்டிரினும் மிகுதி. தாடி வளருந் தோல் இடம்பெயர்தலால், காதின் முன்மேட்டிலும் பின்புறத்தும் மழிக்கவேண்டி வருதலும் உண்டு. முகநரம்பு ஊறுபடுதல் அரிதாயினும் இருபாலார்க்கும் நேரக்கூடியதே.

இனி, முகத்தைச் செப்பஞ்செய்யுங் கலை முழுவதும் வீண்பெருமையிற் பிறந்ததென எண்ணுதல் பிழையாம். அறுபட்ட மூக்கைத் தோல்கொண்டு மீளச் சமைக்கும் முறையைச் சுசுருத சங்கிதை கூறுகின்றது. மைசூர்ப் போரிற் சிறைப்பட்டு மூக்கறுபட்ட காவாஸ்ஜி என்னும் வண்டியோட்டிக்கு, புனாவில் ஒருவர் நெற்றித் தோல்கொண்டு புதுமூக்கு அமைத்த செய்தி 1794 இல் லண்டன் இதழொன்றில் வெளிவந்தது. அதனைக் கண்ட கார்ப்யூ என்னும் மருத்துவர் 1814 இல் அம்முறையை இங்கிலாந்திற் செய்துகாட்டினர். முதல் உலகப் போரின்போது, 1917 இல் சிட்கப் என்னுமிடத்துத் திறக்கப்பட்ட மருத்துவமனையில், ஹெரால்ட் கில்லிஸ் என்பார் குண்டுபட்டு முகஞ்சிதைந்த படைவீரர் பல்லாயிரவர்க்கு மூக்கும் தாடையும் மீட்டளித்தனர். இவையெல்லாம் அறச்செயலே என்பதில் ஐயமில்லை.

நம் சமயமும் இதற்கு மாறுபட்டதன்று. தனு கரண புவன போகங்கள் உயிரின் மலநீக்கத்தின்பொருட்டு இறைவனால் மாயையினின்றும் தரப்பட்டன. உடம்பு கருவியாதலின், கருவி பழுதுற்றவழிச் செப்பஞ்செய்தல் கடனேயாம். ஆளுடைய பிள்ளையார் அருளாற் பாண்டியன் கூன் நிமிர்ந்து நின்றசீர் நெடுமாறன் ஆயினன். கயிலைச் செலவில் தேய்ந்த அப்பரடிகள் உறுப்புக்களும் இறைவன் திருவருளால் நலம்பெற்றன. ஊனந் தீர்தலை நம் பெரியார் யாண்டும் இகழ்ந்திலர்.

இங்கே ஒரு தடை எழும். பேறும் இழவும் இன்பமும் பிணியும் மூப்பும் சாக்காடும் கருவிலேயே அமைந்தன என்பது நம் கொள்கை. அவற்றுட் பிணிக்கு மருந்துண்ணுதல் தகுமாயின், உடனெண்ணப்பட்ட மூப்புக்கு மருந்து செய்தல் தகாதது எங்ஙனம்? இத்தடை வலியுடையதே. பிணி கருவியின் தொழிலைத் தடுப்பது. கன்னத்துத் திரையோ உண்டலையும் உரைத்தலையும் தடுப்பதன்று. தளர்ந்த இமை கண்ணை மறைத்துப் பார்வையைக் கெடுக்குமாயின் அதனை அரிதல் மருத்துவமேயாம். தொழில் கெடாவிடத்துச் செய்வது, கருவியைச் செப்பஞ்செய்தலன்று, காலத்தின் குறியை அழித்தலே. காலமோ அழிவதன்று, தையல் ஆறுமுன்னரே மூப்புத் தன் தொழிலை மீளத் தொடங்கிவிடும்.

மற்றுமொரு தடை. தில்லை வேட்கோவராகிய திருநீலகண்ட நாயனார்க்கும் மனைவியார்க்கும் இறைவன் இளமையை மீட்டளித்தானன்றோ? இளமையாக்கினார் எனப் பெயர்பெற்ற திருக்கோயிலும் தில்லையில் உளதன்றோ எனின், அவ்வரலாற்றையே ஊன்றி நோக்குவாம். நாயனார் இளமையை வேண்டினாரல்லர். ஆணையொன்றைக் காத்து, இளமை முழுதும் கழியவிட்டு மூத்தார். தாமும் மனைவியாரும் தீண்டாது வாழ்ந்ததை ஊரார் அறியாவண்ணம் மறைத்திருந்தார். குளக்கரையில் மனைவியின் கைப்பற்றி மூழ்குக எனச் சிவயோகியாராய் வந்த இறைவன் கூற, கைப்பற்ற இயலாமையின் காரணத்தை எல்லார்முன்னும் வெளிப்படுத்தினார். அதன்பின்னரே மூழ்கி இளமையோடு எழுந்தார். மறைத்ததை வெளியிட்டார்க்கு வந்தது அவ்விளமை. யாம் ஈண்டு ஆராயும் இளமையோ, உள்ளதை மறைத்தலால் வருவது. இவ்வேறுபாடே இவ்வினாவின் உயிர்நிலை என்க.

நம்பியாரூரரைத் தடுத்தாட்கொள்ளப் புத்தூர் மணப்பந்தரில் வந்த பெருமான் முதிய அந்தணனாகவே வந்தனன். மூப்பு இழிவாயின் அவன் அதனைத் திருவேடமாகக் கொண்டிரான்.

எனினும், மேற்கூறிய அன்பரை நோக்கி, நீர் தேகத்தையே ஆன்மாவென மயங்கினீர் என்று கடிந்துரைக்க எமக்கு நா எழவில்லை. அவர் கண்ணாடிமுன் நின்று மகிழ விழைந்தவரல்லர், பிழைப்பிற்கு அஞ்சியவர். மயங்கியோர் முதிர்ந்த முகத்தைப் பயனற்றதெனத் தள்ளும் மேலாளரே. பிறர் மயக்கத்திற்கு இவர் தம் குருதியால் விலை கொடுக்கின்றார். அவ்வாறு ஒருவர் கொடுக்குந்தோறும், கொடுக்க இயலாத அடுத்தவர்மேல் அவ்வழக்கின் சுமை ஏறுகின்றது என்பதையும் அவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நாமும் நம்மை எண்ணிப் பார்த்தல் நன்று. பெண்ணுடலின் எழில் நிலையாதென்று நெடுங்காலம் பேசிக் களித்த ஆடவர், தம்முடலைப்பற்றி அங்ஙனம் பேசியது மிகக் குறைவு. இன்று அப்பாடம் நம் கன்னத்திலேயே எழுதப்படுகின்றது. விழா மலர்களில் அச்சிடும் பெரியோர் படங்களிற் கணிப்பொறியால் திரைகளை நீக்கி, எழுபது ஆண்டு முதியவரை நாற்பது ஆண்டினராகக் காட்டும் வழக்கம் நம்மிடத்தும் உண்டு. கத்தியின்றிச் செய்யும் முகவறுவையன்றோ அது? தவத்தாலும் கல்வியாலும் எழுந்த வரிகளை அழித்துவிட்டு எதனை வணங்குமாறு மாணாக்கர்க்குக் காட்டுகின்றோம்?

ஆகலின் அன்பர்க்கு யாம் கூறும் விடை இது. கத்தி தன்னளவிற் பாவமன்று. செய்ததை நண்பர்க்கும் மக்கட்கும் மேலாளர்க்கும் கூசாது சொல்ல வல்லிராயின், அது உமக்கு ஒரு பல்லைக் கட்டிக்கொள்வது போல்வதே. இடரும் செலவும் எண்ணி நீரே துணிக. சொல்லக் கூசுவீராயின், அக்கூச்சமே இது மருத்துவமன்று மறைப்பு என்பதற்குச் சான்று, விட்டொழிக. ஆணவத்தின் இயல்பு மறைத்தலே என நம் நூல்கள் கூறுதல் நீர் அறிந்ததே. நாள்தோறும் திருநீற்றைத் திரைவிழும் அந்நெற்றியிலேயே மூன்று வரியாக இடுகின்றோம். இவ்வுடல் இறுதியில் யாதாகும் என்பதை முன்னரே அறிந்து, அஞ்சாது, எல்லாருங் காண அணிந்துகொள்வதே அது. அந்நீற்றை மெய்யாக அணிந்தவர்க்குக் கன்னத்துத் திரை நாணுதற்குரியதன்று என்பதே எமது துணிபு.