பச்சை பிடிக்கும் வரை

சேத்தியாத்தோப்பில் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் புதுசாக ஒரு கண்ணாடித் தொட்டி. நாலாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள் கையில் பிளாஸ்டிக் பை, உள்ளே இரண்டு கோல்டு ஃபிஷ். சென்னை கொளத்தூரில் வாங்கியது. (2004 முதல் வீராணம் தண்ணீர் இந்த ஊரிலிருந்துதான் குழாயில் சென்னைக்குப் போகிறது. பதிலுக்கு மீன் வருகிறது போலும்!)

"சீக்கிரம் வுடும்மா, மூச்சு முட்டிடும்" என்றார் பாட்டி. பை தொட்டிக்குள் கவிழ்ந்தது. ஆளாளுக்குத் தீனி போட்டார்கள். கண்ணாடியைத் தட்டினார்கள். நானும்தான் தட்டினேன். மீன்கள் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டன.

மூன்றாம் நாள் நண்பர் போன் செய்தார். "ரெண்டும் போயிடுச்சு. 'நான் நல்லாத்தானே பாத்துக்கிட்டேன்'னு அழுவுது. என்ன சொல்றது?"

எனக்கும் தெரியவில்லை. விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது.

மீனுக்கு, நம்மைப்போல் உடம்பை ஒரே சூட்டில் வைத்துக்கொள்ளத் தெரியாது. தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. அதனால் பையைப் பிரிக்காமல் 15, 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட வேண்டும். பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்க்க வேண்டும். கடைசியில் மீனை மட்டும் வலையில் எடுத்து விட வேண்டும். விளக்கை அணைத்துவிட வேண்டும். முதல் நாள் தீனியே வேண்டாம். குழாய்த் தண்ணீரென்றால் குளோரினை முன்பே நீக்கியிருக்க வேண்டும். அது செவுளைப் புண்ணாக்கும்.

இன்னொன்று, நம் கண்ணுக்கே தெரியாதது. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா வரும். விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா ஒரு புதுத் தொட்டியில் பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். 'கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கே' என்று நாம் மகிழ்ந்த தண்ணீரில் அது இல்லவே இல்லை.

யோசித்துப் பாருங்கள். இதில் பாதி, சும்மா இருப்பது. அதுதான் நம்மால் முடியவில்லை. தீனி போட்டது மீனின் பசிக்காகவா, அது தின்பதை நாம் பார்ப்பதற்காகவா? ஹாஸ்டலில் சேர்த்த பிள்ளைக்கு முதல் நாளே பத்து முறை போன் போட்டு 'புடிச்சிருக்கா?' என்று கேட்பவர்கள்தானே நாம்!

'மீனுக்கு மூணு செகண்டுதான் ஞாபகம்' என்று ஆறுதல் சொல்வார்கள். அது பொய். கோல்டு ஃபிஷ் மாதக்கணக்கில் ஞாபகம் வைத்திருக்கும். ஒழுங்காக வளர்த்தால் பத்து வருடத்துக்கு மேலும் வாழும்.

நல்ல எண்ணத்தோடு செய்தால் தப்பில்லை என்று சொல்லத்தான் ஆசை. அந்தக் குழந்தைக்கு அது பொருந்தும். ஆனால், கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடிய பெரியவர்களுக்கு? இத்தனைக்கும் இது நெல் விளைகிற ஊர். நட்ட நாற்று துவண்டு நிற்கும். பச்சை பிடிக்கச் சில நாளாகும். வேர் விட்டதா என்று யாரும் பிடுங்கிப் பார்ப்பதில்லை.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். அவர் மகளிடம் சொல்லியிருக்கிறார். போன வாரம் போனபோது தொட்டியில் மீன் இல்லை, ஆனால் ஃபில்டர் ஓடிக்கொண்டிருந்தது. பாக்டீரியா வளரட்டும் என்று தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு மக்க வைக்கிறாளாம். விரலை நீட்டிக் கண்ணாடியைத் தொடப் போனேன்.

"தட்டாதீங்க மாமா" என்றாள். "இன்னும் மூணு வாரம் இருக்கு."