ஹொங்கொங் படமும் நம் கணக்கும்

லா சப்பலில் பழைய புத்தகமொன்றில் அந்தப் படத்தைப் பார்த்தோம். 1860 மார்ச்சில் பெலிச்சே பியாத்தோ பல தகடுகளில் எடுத்து ஒட்டிய ஹொங்கொங் துறைமுகம். அலையில்லாக் கடல், வரிசையாய்க் கப்பல்கள், அழகுதான். ஆனால் அவற்றுள் பல, சீனாமீது படையெடுக்கக் காத்துநின்றவை.

அப்படையெடுப்பில் மதராஸ் சப்பர் படையும் சென்றது. அதில் தமிழரும் இருந்தனர். ஒக்டோபரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பீக்கிங்கின் கோடைக்கால அரண்மனையைச் சூறையாடினர். ஆங்கிலேயர் அதை எரித்தனர். பிரெஞ்சுக்காரர் அள்ளியதில் ஒரு பகுதியைப் பொந்தன்புளோ மாளிகையில் இன்றும் காணலாம்.

வயிற்றுப்பாட்டுக்குப் போனவனுக்கு இதில் என்ன பங்கு என்று முதலில் தட்டிக்கழித்தோம். கணக்கெழுதும் நமக்கே அது அழகல்ல. சிறு தொகைதானே என்று ஒரு பதிவை விட்டால் ஐந்தொகை சரியாக இராது. கட்டளை, சம்பளம், குடும்பம் என்று 1981இல் யாழ் நூலகத்துக்குத் தீ வைத்தவனும் சொல்லக்கூடும். அவனை நாம் மன்னிக்கவில்லையே.