கைமருந்தும் ஓர் அமானிதமே

அல்லாஹுத் தஆலா மனிதனைப் படைத்து, அவனுக்கு முதன்முதலில் போர்த்திய ஆடை அவனுடைய தோல்தான். வெயிலையும் குளிரையும் அதுவே தாங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகளுக்கு அதுவே கோட்டை மதிலாக நிற்கிறது. ஒளுவின் தண்ணீர் படுவதும் அதன்மீதே. ஸுஜூதில் தரையைத் தொடுவதும் அதுவே. அந்த ஆடையில் ஒரு சொறியோ சிரங்கோ படையோ தோன்றிவிட்டால் நம் இல்லங்களில் என்ன செய்கிறோம்? வேப்பிலையை அரைக்கிறோம், மஞ்சளைக் குழைக்கிறோம், தேங்காய் எண்ணெயைக் காய்ச்சுகிறோம். இது நம் பாட்டிமார்கள் விட்டுச்சென்ற செல்வம். இதைக் குறைகூற நாம் இங்கே வரவில்லை.

நாம் கேட்க வந்த கேள்வி வேறு. ஒரு மருந்து நம் கொல்லையில் முளைத்தது என்பதற்காகவோ, நம் முன்னோர் பூசியது என்பதற்காகவோ, அதைப் பிறருடைய உடம்பில் பூச நமக்கு உரிமை வந்துவிடுமா? அதனால் தீங்கு விளைந்தால் நாளை மறுமையில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

இந்தக் கேள்வியை நாம் கிதாபுகளைப் புரட்டிக் கண்டுபிடிக்கவில்லை. நம் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியே இதை நம் முன் வைத்தது. வெட்கத்தை விட்டு அதைச் சொல்லிவிடுகிறோம், படிப்பவர்களுக்குப் படிப்பினையாகட்டும்.

நம் பேரன், எட்டு வயதுச் சிறுவன். மதரஸாவிலிருந்து வரும்போதே விரலிடுக்கைச் சொறிந்துகொண்டு வருவான். இரவானால் அரிப்புத் தாங்காமல் புரண்டு புரண்டு அழுவான். நாம் குப்பைமேனி இலையைப் பறித்து, மஞ்சளும் உப்பும் சேர்த்து அரைத்துப் பூசச் சொன்னோம். பூசினால் இரண்டு நாள் அடங்கும், மறுபடியும் கிளம்பும். மருமகள் ஒருநாள், "மாமா, டாக்டரிடம் ஒருதடவை காட்டிவிடுவோமே" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். "இந்த வீட்டில் யாருக்கம்மா ஊசி போட்டுச் சிரங்கு ஆறியது? அல்லாஹ் இருக்கிறான், தவக்குல் வை" என்று நாம் சொல்லிவிட்டோம். அவள் மறுபேச்சுப் பேசவில்லை.

ஒன்றரை மாதம் சென்றது. சொறிந்த இடமெல்லாம் சீழ் கோத்துக்கொண்டது. வீட்டில் மற்றவர்களும் சொறியத் தொடங்கினார்கள். ஒருநாள் காலையில் பிள்ளையின் முகம் வீங்கியிருந்தது. சிறுநீர் தேயிலைச் சாயம் போல் இறங்கிற்று. அப்போதுதான் ஓடினோம். மருத்துவர் பரிசோதித்துவிட்டுச் சொன்னார்: தோலுக்குள் வளை தோண்டி வாழும் ஒரு நுண்ணிய சிற்றுண்ணியால் வந்தது இந்த அரிப்பு. சொறிந்த புண்ணில் வேறு கிருமி புகுந்திருக்கிறது. அதன் விளைவாகச் சிறுநீரகம் அழற்சி கண்டிருக்கிறது. "எத்தனை நாளாக இருக்கிறது?" என்று கேட்டார். நாம் வாய் திறக்கவில்லை. மருமகளும் நம்மைக் காட்டிக்கொடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அந்த மௌனம் இன்றுவரை நம் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பிழைத்துக்கொண்டான். குடும்பத்தார் அனைவரும் ஒரே நாளில் கழுத்திலிருந்து கால்வரை பெர்மெத்ரின் களிம்பைப் பூசி இரவு முழுதும் வைத்திருந்து, காலையில் குளித்து, உடுப்பையும் விரிப்பையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தினோம். ஒரு வாரம் கழித்து மீண்டும் அவ்வாறே செய்தோம். அரிப்பு வீட்டைவிட்டே போயிற்று. குப்பைமேனியைப் பழிக்க வேண்டியதில்லை. பழிக்க வேண்டியது நம்மைத்தான். தவக்குல் என்று நாம் சொன்னது உண்மையில் தவக்குல் அன்று. நம் பிடிவாதத்துக்கு நாம் போர்த்திய பச்சைப் போர்வை!

மருத்துவம் செய்துகொள்வது தவக்குலுக்கு மாறானது அன்று என்பதில் நம் உலமாப் பெருமக்களிடையே ஐயமில்லை. நோயை இறக்கிய இறைவன் அதற்கு நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துச் சென்றார்கள். உஹதுப் போரில் அவர்களுடைய திருமுகம் காயப்பட்டபோது, அலீ (ரலி) அவர்கள் கேடயத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற, பாத்திமா நாயகி (ரலி) அவர்கள் கழுவினார்கள். இரத்தம் நிற்கவில்லை. உடனே பாய்த்துண்டொன்றை எரித்து அதன் சாம்பலைக் காயத்தில் வைத்தார்கள், இரத்தம் நின்றது. கைமருந்துக்கு இதைவிடச் சிறப்பு வேறென்ன வேண்டும்? முள் குத்தினாலும் புண்பட்டாலும் மருதாணி வைக்கும்படி நபியவர்கள் சொல்வார்கள் என்று அவர்களுக்குப் பணிவிடை செய்த ஸல்மா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். மீன் வயிற்றிலிருந்து வெளிப்பட்டு நோயுற்றுக் கிடந்த யூனுஸ் (அலை) அவர்கள்மீது சுரைக்கொடியை முளைக்கச் செய்ததைத் திருமறை கூறுகிறது. அவர்களுடைய மெல்லிய தோலுக்கு அது நிழலாயிற்று என்பர் விரிவுரையாளர்கள்.

இன்னுமொன்று. ஆண்களுக்குப் பட்டாடை ஹராம் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். ஆயினும் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), ஸுபைர் (ரலி) ஆகிய இருவருக்கும் உடம்பில் அரிப்பு ஏற்பட்டபோது, அவர்கள் பட்டு அணிய நபியவர்கள் அனுமதி வழங்கினார்கள். ஓர் அரிப்புக்காக ஷரீஅத்தே வழிவிட்டுக் கொடுக்கிறது! அப்படியிருக்க, ஓர் அரிப்புக்காக நாம் நம் பிடிவாதத்தை விட்டுக்கொடுக்க மறுப்பது எவ்வளவு பெரிய பேதைமை!

கேள்வியின் மறுபக்கத்துக்கு வருவோம். ஒரு பயணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம் ஏற்பட்டது. பின்னர் அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. "தயம்மும் செய்துகொள்ளலாமா?" என்று தோழர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் தாமாகவே தீர்ப்புச் சொன்னார்கள். அவர் குளித்தார், இறந்தார். செய்தி அறிந்த நபியவர்கள் கடுஞ்சினம் கொண்டார்கள். அவரைக் கொன்றவர்கள் அவர்களே என்று கண்டித்தார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா, அறியாமை என்ற நோய்க்குக் கேட்பதுதானே மருந்து என்று உணர்த்தினார்கள். அபூதாவூதில் வரும் செய்தி இது. அத்தோழர்கள் அவருக்குத் தீங்கு நினைத்தவர்களா? இல்லை. மார்க்கத்தைப் பேணவே நினைத்தார்கள். எண்ணம் நல்லதாயிருந்தும் அறியாமை ஓர் உயிரைப் பறித்தது. எண்ணம் நல்லது என்ற ஒன்றே நம்மைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

வைத்தியம் அறியாத ஒருவர் வைத்தியம் செய்து தீங்கு விளைந்தால் அதற்கு அவரே பொறுப்பாளி என்பதும் நபிமொழியின் கருத்து. ஃபுகஹாக்கள் இதை வைத்தே நஷ்டஈட்டுச் சட்டம் வகுத்தார்கள். தன் உடம்பில் ஒன்றைப் பூசிப் பார்ப்பவர் தன் அமானிதத்துக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டியவர். பச்சைப் பிள்ளைக்கும், நம்மை நம்பிக் கேட்கும் அண்டை வீட்டாருக்கும் மருந்து சொல்பவரோ பிறருடைய அமானிதத்தில் கை வைக்கிறார். "எங்கள் வீட்டில் இதைத்தான் பூசினோம்" என்று சொல்வது சாட்சியாகலாம், தீர்ப்பாகாது.

"இயற்கை மருந்துதானே, என்ன செய்துவிடும்?" என்று சிலர் கேட்பார்கள். சேராங்கொட்டையும் இயற்கைதான், சித்த வைத்தியர்கள் அதை முறைப்படி சுத்தி செய்தே கையாளுவார்கள். சுத்தி செய்யாத அதன் பால் பட்டால் தோல் கொப்பளித்து வெந்துபோகும். எலுமிச்சைச் சாற்றைப் பூசி வெயிலில் நின்றாலும் தோல் கருகும். பச்சைப் பூண்டை அரைத்து வைத்துக் கட்டினாலும் புண்ணாகும். மருதாணி நல்லதே. ஆனால் விரைவில் கறுப்பதற்காகத் தலைச்சாயத்துக்குரிய பி.பி.டி. என்ற ரசாயனத்தைக் கலந்து விற்கும் 'கறுப்பு மருதாணி', பெருநாள் இரவில் பூசிய கையை மறுவாரம் கொப்பளமாக்கிவிடக் கூடும். தீப்பட்ட இடத்தில் மாவையும் மையையும் பற்பசையையும் அப்புவதும் தவறு. ஓடும் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுவதே முதல் மருந்து.

ஆங்கில மருந்தானால் பயமில்லை என்றும் எண்ணிவிடலாகாது. படர்தாமரைக்குக் கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. பூசியவுடன் அரிப்பு அடங்கும். உள்ளே பூஞ்சைக் காளான் தழைத்துப் பரவும். நம் நாட்டில் படர்தாமரை இன்று எளிதில் ஆறாத நோயாக மாறியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். கொல்லையில் பறித்தாலும் கடையில் வாங்கினாலும் அறியாமை அறியாமையே.

"நபிவழி மருந்தில் சந்தேகம் கொள்ளலாமா?" என்று ஒரு சகோதரர் நம்மிடம் கேட்டார். மருந்தில் சந்தேகமில்லை சகோதரரே! அது எந்த நோய்க்கு, எவருக்கு, எந்த அளவில் என்று அறியாத நம் கையில்தான் சந்தேகம். ஸஃது பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது நபியவர்கள் நலம் விசாரிக்கச் சென்று, அவருடைய நெஞ்சில் தம் திருக்கரத்தை வைத்தார்கள். பிறகு, ஸகீஃப் கூட்டத்து வைத்தியரான ஹாரிஸ் பின் கலதாவிடம் செல்லும்படி கூறினார்கள் என்று அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உண்டு. அந்தத் திருக்கரம் பட்ட பிறகும் வைத்தியரிடம் அனுப்பப்பட்டார் என்றால், நம் கை பட்டது போதும் என்று சொல்ல நாம் யார்? கி.பி. 1162-இல் மறைந்த ஸ்பெயின் நாட்டு முஸ்லிம் மருத்துவர் இப்னு ஸுஹ்ரு, அரிப்பு நோயில் தோலுக்கடியில் ஊரும் மிகச் சிறிய உயிரைப் பற்றி எழுதி வைத்தார். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். நாமோ எட்டு நூற்றாண்டுக்குப் பின்னும் பாராமலே இலையை அரைத்துக்கொண்டிருந்தோம்!

அப்படியானால் வீட்டு வைத்தியத்தை விட்டுவிடுவதா? வேண்டியதில்லை. வறண்ட தோலுக்குக் குளித்த ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெய் தடவலாம். வேர்க்குருவுக்குக் குளிர்ந்த நீரில் குளிப்பும், இறுக்கமில்லாத பருத்தி உடையும், காற்றோட்டமும் போதும். சேற்றுப்புண் உள்ளவர்கள் ஒளுச் செய்து விரலிடுக்கைக் கோதிக் கழுவியபின், அந்த இடுக்கை உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தாலே பாதி நோய் போய்விடும். தண்ணீர் பட்டால் புண் கெடும் என்று மருத்துவர் சொன்னால், கட்டின்மீது மஸ்ஹு செய்வதற்கும் தயம்முமுக்கும் மார்க்கத்தில் வழி இருக்கிறது. ஆலிமைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

ஆனால் சில அடையாளங்களைக் கண்டால் அம்மியை ஓரத்தில் வைத்துவிட்டுப் புறப்பட வேண்டும். காய்ச்சலோ சீழோ காணுதல், வீட்டில் பலருக்கும் இரவில் அரித்தல், கைக்குழந்தையின் மேனியில் கொப்பளம், நீரிழிவு உள்ளவரின் காலில் புண் ஆகியவை அவை. அக்கி கண்டால் காவி பூசிக் காத்திருக்கலாகாது. அதற்குரிய மருந்து மூன்று நாளுக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். கண்ணருகே வந்தால் பார்வைக்கே ஆபத்து. வெளுத்தோ சிவந்தோ உணர்ச்சியற்றுப்போன தேமலைக் கண்டாலும் தாமதிக்கலாகாது. அது தொழுநோயாக இருக்கலாம். ஆறு மாதமோ ஓராண்டோ மருந்து உட்கொண்டால் அது முற்றிலும் குணமாகும்; அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம்.

நம் இல்லங்களில் பலர் மருத்துவரிடம் போகாததற்குக் காரணம் கைமருந்தின்மீதுள்ள நம்பிக்கைகூட அன்று, வெட்கம்! "பெண்பிள்ளைக்குத் தேமல் என்று வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை வருமா?" என்ற அச்சம். வெண்புள்ளி தொற்றுநோயன்று என்று தெரிந்தும் ஒதுக்குகிறோம். 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டத்தில், கணவனின் தொழுநோய் மனைவி மணவிலக்குக் கோருவதற்கு ஒரு காரணமாக இருந்தது. அது குணமாகக்கூடிய நோயாகிவிட்டதால் 2019-இல் பாராளுமன்றம் அதை நீக்கிவிட்டது. சட்டத்திலிருந்து நீங்கியது நம் உள்ளத்திலிருந்து நீங்கிற்றா? மறைத்து வைத்துப் பூசும் மருந்தில் பாதி, நோய்க்காக அல்ல. ஊர் வாய்க்காகப் பூசப்படுகிறது. அந்த ஊர் வாய் நாம்தானே!

நம் பேரன் இப்போது ஓடி விளையாடுகிறான். அவ்வப்போது சிறுநீரைச் சோதித்துவருகிறோம். மருமகளிடம் ஒருநாள் நாம் மன்னிப்புக் கேட்டோம். "நீங்கள் நல்லதுக்குத்தானே மாமா செய்தீர்கள்" என்றாள். அந்தச் சொல் நமக்கு ஆறுதல் தரவில்லை. காயம்பட்டவரைக் குளிக்கச் சொன்னவர்களும் நல்லதுக்குத்தானே சொன்னார்கள்?

நாம் அறிந்ததை அறிந்த அளவோடு சொல்லவும், அறியாததை அறிந்தவரிடம் கேட்கவும், நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட உடல்களை அமானிதமாகப் பேணவும், வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! நோயுற்றோர் யாவருக்கும் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! ஆமீன்.